நாற்றம் நின்ற ஊர்

கரண்டி கறுத்திருந்தது.

முந்தின நாள்தான் ஹானா அந்த வெள்ளிக் கரண்டியைத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தாள். வெள்ளியைக் கறுக்கவைக்கும் முட்டை எதுவும் அதில் படவில்லை. ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டியதோடு சரி. ஆனாலும் அதன் முதுகில், தண்ணீர்மேல் எண்ணெய் படிந்தாற்போல ஒரு நீலம், நீலத்துக்குள் பழுப்பு, பழுப்புக்கு நடுவே கரி. எட்வின் லோமாக்ஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றையும் ஆழமாக இழுத்துப் பார்த்தான்.

ஒரு வாசனையும் இல்லை.

அந்த ஊரில் இப்போது எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

ஆஷ்மியர் சோடா காய்ச்சும் ஊர். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவை அங்கிருந்து மெர்சி ஆற்றுப் படகுகள் ஏற்றிக்கொண்டு போகும். காய்ச்சி எடுத்ததுபோக மிஞ்சும் சாம்பல்நிறச் சகதியை ஆலைக்குப் பின்னால் கொட்டிக் கொட்டி, அது ஊர்க் கூரைகளைவிட உயரமான மேடாகிவிட்டது. ஆலையின் அமிலக் கழிவுநீர் அதற்குள் இறங்கும்போதெல்லாம் மேடு அழுகிய முட்டை நாற்றத்தைக் கக்கும். நாற்றம் ரொட்டியில் இருந்தது, படுக்கை விரிப்பில் இருந்தது, குழந்தைகளின் தலைமுடியில் இருந்தது. ரயில் ஆஷ்மியரை நெருங்கினால் பயணிகள் ஜன்னலை ஏற்றிவிட்டுக் கைக்குட்டையை எடுப்பார்கள். இந்த ஊரில் பெண் எடுத்தால் சீர்வரிசையோடு நாற்றமும் வண்டியேறி வரும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

லோமாக்ஸ் அந்த ஆலையின் ரசாயனக்காரன். நெசவாளியின் மகன், பகலில் தறியில் நின்று, மாலை வகுப்புகளில் படித்து மேலே வந்தவன். கல்யாணமான புதிதில் ஹானாவை இங்கே கூட்டிவந்தபோது, அவள் ரயிலை விட்டு இறங்கியதும் நடைமேடையிலேயே வாந்தியெடுத்தாள். மகள் லெட்டி பிறந்து ஏழு வயதாகியும் அந்த வீட்டின் ஜன்னல்கள் திறந்ததில்லை. 'இந்த நாத்தத்தை நிறுத்த முடியாதவங்களுக்கு எதுக்கு இத்தனை புத்தகம்?' என்று ஹானா ஒருமுறை கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவன் அதை மறக்கவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தான். மேடு முழுவதையும் ஈரக் களிமண்ணால் போர்த்தி, மேலே சாம்பல் போட்டு இறுக்குவது. இலையுதிர்காலம் முழுக்க வண்டி வண்டியாகக் களிமண் வந்து இறங்கியது. குளிர் தொடங்கும்போது நாற்றம் மெலிந்தது. ஒருநாள் நின்றேவிட்டது. ஊரே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டது. ஹானா கொல்லையில் துணி உலர்த்தினாள், பாடிக்கொண்டே. தெருவில் அவனைப் பார்த்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சனிக்கிழமை மாலை தேவாலயத்தில் நன்றிக்கூட்டம், தேநீர், பாட்டு. அவன் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகச் சுவருக்கும் கதவுக்கும் புதிதாக ஈய வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்றம் இல்லாத இடத்தில் வெள்ளி கறுக்காது. அது லோமாக்ஸுக்குத் தெரியும்.

அன்றே ஆலையிலிருந்து ஈய உப்புக் கரைசலில் தோய்த்த தாள்களைக் கொண்டுவந்து வீட்டில் ஒவ்வோர் அறையிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டான். நாற்றத்துக்குக் காரணமான அந்த வாயு பட்டால் தாள் கறுக்கும். எவ்வளவு வாயுவோ அவ்வளவு கறுப்பு. மச்சில் தொங்கியது வெள்ளையாகவே இருந்தது. படுக்கையறையில் தொங்கியது தேநீர் சிந்தினாற்போல ஆனது. சமையலறையில் அடர்ந்த பழுப்பு. நிலவறைக் கதவைத் திறந்து, படியில் நின்று, கையை நீட்டித் தாளைக் கீழே இறக்கினான். நூல் அவன் விரலை விட்டு நீங்குமுன்பே தாளின் அடிநுனியிலிருந்து கறுப்பு ஏறத் தொடங்கியது, மையை உறிஞ்சும் துணி போல, அவசரமே இல்லாமல், அவன் விரலை நோக்கி. இருட்டுக்குள், செங்கல் சுவருக்குப் பின்னால், யாரோ பேச வாயெடுத்து முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாற்போல மெல்லிய 'ஸ்' ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைச் சாத்தினான். சாத்திய பிறகும் கேட்டது.

மேட்டில் வேலை செய்யும் ஆட்கள் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்: கொஞ்சமாக இருந்தால் நாறும், கூடினால் மூக்கு செத்துப்போகும், அப்புறம் நாற்றம் இருக்காது, வாயு மட்டும்தான் இருக்கும். களிமண்ணுக்கு அடியில் அடைபட்டது எங்கும் போய்விடவில்லை. பழைய சாக்கடைகள் வழியாக, அஸ்திவாரங்கள் வழியாக, ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. வாசனை நின்றது காற்றில் அல்ல. மூக்கில்.

சமையலறைக்கு வந்தபோது ஹானா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெல்லச் சொல்லிப் பார்த்தான். அவள் முகம் சுருங்கியது.

"உங்க மூக்கு போச்சுன்னா அதை ஊர் மேல போடாதீங்க, எட்வின். எனக்கு நல்லாவே வாசனை தெரியுது. இதோ, ரொட்டி வேகுது பாருங்க. எத்தனை வருஷமாச்சு இந்த வாசனையை நிம்மதியா பிடிச்சு."

கண்ணை மூடிக்கொண்டு அவள் மூச்சை இழுத்தாள். அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு நூல் புகை வெளியே வந்து, அவள் கன்னத்தை ஒட்டி மேலே போனது. லோமாக்ஸ் அடுப்பைத் திறந்தான். உள்ளே இருந்தது ரொட்டி இல்லை, கரிக்கட்டை. எப்போதோ தீய்ந்து, வெடித்து, உள்ளே செந்தணல் மின்னிக்கொண்டிருந்தது. புகை குபீரென்று வந்து இருவர் முகத்திலும் அடித்தது.

ஹானா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆனா எனக்கு வாசனை வந்துதே" என்றாள், ரொம்ப மெதுவாக.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் லெட்டி மெழுகுவத்திக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, சுடரைச் சுற்றி வானவில் தெரிகிறதே, உங்களுக்கும் தெரிகிறதா என்று கேட்டாள். அவனுக்கும் தெரிந்தது. ஆரஞ்சும் பச்சையுமாக ஒரு வளையம். கண்ணைக் கசக்கினால் வளையம் கொஞ்சம் பெரிதானது. தெருவில் எல்லா விளக்குகளுக்கும் அப்படியே இருந்தது. காற்று சுத்தமானதால் வெளிச்சம் இப்படி அழகாக விழுகிறது என்று ஆட்கள் நின்று பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. யாரும் அதைப் பேசவில்லை.

மறுநாள் முதலாளி பெல்ட்டனிடம் போனான். பெல்ட்டன் கெட்டவர் இல்லை. கறுத்த தாள்களை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

"நாத்தம் அடிச்சப்ப நாத்தம்னு வந்து நின்னீங்க, லோமாக்ஸ். இப்ப நாத்தம் இல்லைன்னு வந்து நிக்கிறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

மேட்டின் போர்வையை உடனே வெட்டித் திறக்க வேண்டும், அதுவரை ஊர் ஆற்றுக்கு அக்கரை போக வேண்டும் என்றான் லோமாக்ஸ். பெல்ட்டன் தாள்களை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். கூட்டம் முடியட்டும், திங்கட்கிழமை ஆளனுப்பிப் பார்க்கலாம், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள் என்றார். போதகரும் ஏறக்குறைய அதையே சொன்னார், இன்னும் கனிவாக. ஜன்னல்களைத் திறந்து வைப்பதாக வாக்குக் கொடுத்தார். தெருக்குழாயடியில் நின்ற பெண்களிடமும் லோமாக்ஸ் சொல்லிப் பார்த்தான். அவர்கள் சிரித்தார்கள்.

"எங்க மூக்கை எங்ககிட்டயே விட்டுடுங்க, சார். இப்பத்தான் அதுக்கு ஓய்வு கிடைச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு, சிவந்த கண்ணை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் ஒற்றிக்கொண்டாள்.

நம்பியவன் ஒரே ஒருவன், மேட்டு மேஸ்திரி கிளெக். களிமண் சில இடங்களில் உப்பிக்கொண்டு வருகிறது, மேலே இறங்கும் கடல்காக்கைகள் திரும்பப் பறப்பதில்லை, கூட்டி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவன் சொன்னான். சனிக்கிழமை ஆலை அரை நாள்தான். ஆட்கள் போனதும் இருவருமாக, ஊருக்கு எதிர்ப்புறம், ஆற்றைப் பார்த்த பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள்.

கரிந்த ரொட்டிக்குப் பிறகு ஹானா எதிர்த்துப் பேசவில்லை. சனிக்கிழமை பிற்பகல் வண்டியில் லெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். லோமாக்ஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான்: அந்த வாயு கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில்தான் தேங்கும், எங்கே மாட்டிக்கொண்டாலும் உயரத்துக்குப் போ, குழந்தையை உயரத்தில் வை. அவள் தலையாட்டினாள். ரயில் நிலையத்தில் லெட்டி, தேவாலயத்தில் பாட வைத்திருந்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடைமேடைப் பலகையில் கால் ஆட்டினாள். வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். வண்டி வரும்வரை நிற்க அவனுக்கு நேரமில்லை.

அவன் மேட்டுக்குத் திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. காற்று துளியும் இல்லை. ஆற்றுப்பக்கம் முதலில் மறைந்தது, பிறகு புகைபோக்கிகள், பிறகு அவன் நடந்துகொண்டிருந்த பாதை. வழியைத் தடவித் தடவி மேட்டை அடையவே பொழுது சாய்ந்துவிட்டது. ஈரமும் நிலக்கரிப் புகையும் கலந்து தொண்டையில் படிந்தது. ஆனால் எதற்கும் வாசனை இல்லை, புகைக்குக்கூட இல்லை, பஞ்சை மூக்கில் அடைத்துக்கொண்டு நடப்பதுபோல. கிளெக் முன்னதாகவே போயிருந்தான். லோமாக்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். குரல் முகத்துக்கு முன்னாலேயே விழுந்து கிடந்தது.

களிமண்ணைக் குந்தாலி வெட்டும் சத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வேறொன்று கேட்டது. நிலவறைச் சுவருக்குப் பின்னால் கேட்ட அதே 'ஸ்'. இப்போது சுவர் இல்லை.

சத்தம் ஆற்றுப்பக்கமிருந்து வரவில்லை. ஊர்ப்பக்கமிருந்து வந்தது.

மேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினான். பாதி தூரத்தில் கிளெக் இருந்தான். பழைய சாக்கடை வாயருகே, தண்ணீர் குடிப்பவன்போல மண்டியிட்டு, நெற்றி மண்ணில் பட. குந்தாலி பக்கத்தில் கிடந்தது. மூடுபனியில் அவனுக்குத் திசை தவறியிருக்க வேண்டும். அவன் வெட்டிய இடத்தில் களிமண் வாய்விட்டுப் பிளந்து, பிளவு அவனைத் தாண்டிச் சரிவில் கீழே, இன்னும் கீழே, நீண்டுகொண்டே போயிருந்தது. லோமாக்ஸ் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். ஒரே மூச்சுதான் இழுத்தான். பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்தாற்போல இருந்தது. முழங்கால்கள் தானாக மடங்கின. எப்படி விலகி வந்தான் என்று தெரியவில்லை; கைகளால் புல்லைப் பற்றி மேலே மேலே ஊர்ந்து, மறுபடி கண் தெரிந்தபோது வாயில் மண் இருந்தது.

மேலிருந்து பார்த்தான். மூடுபனி அசையாமல் நின்றது. ஆனால் தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு மட்டும், அது நகர்ந்துகொண்டிருந்தது. நிறமில்லாத ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. சரிவில். ஊரின் தாழ்ந்த பகுதியை நோக்கி. தேவாலயம் இருக்கும் பள்ளத்தை நோக்கி.

ஓடினான். கால்கள் அவனுடையவையாக இல்லை. ரயில் பாதைக்கரை மேலாகப் போனால் சுற்று, ஆனால் உயரம். அதனால் அந்த வழியில் போனான். நிலையத்தில் போர்ட்டர் வானவில் வளையத்துக்கு நடுவே ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். லோமாக்ஸைப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

"பனியில வண்டி எதுவும் வரலை, சார். அம்மா ரொம்ப நேரம் காத்துக்கிட்டு இருந்தாங்க. பாப்பாவுக்குக் கை விறைச்சுப்போச்சு. ஜன்னல் எல்லாம் திறந்து வெச்சிருக்காங்களாம், போதகர் சொன்னாராம்னு சொல்லிட்டு, இப்பத்தான் சர்ச்சுக்குப் போனாங்க."

லோமாக்ஸ் ஏதோ சொன்னான். போர்ட்டருக்கு அது புரியவில்லை.

கரையிலிருந்து இறங்கும் தெருவில் பாட்டு கேட்டது. அவனுக்கு அழுகை வந்தது. பாடுகிறார்கள். இருக்கிறார்கள். ஊரே சேர்ந்து பாடும் கனத்த, மெதுவான பாட்டு. அடியில் ஆண்களின் குரல், மேலே பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தைகளின் மெல்லிய கீச்சுக் குரல், பின்னால் ஆர்கன். ஜன்னல் வெளிச்சங்கள் தெரிந்தன. எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. குளிருக்கு.

முதலில் குழந்தைகளின் குரல் நின்றது.

ஒரே நேரத்தில் இல்லை. அங்கொன்று, இங்கொன்று. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பதுபோல. முன்வரிசையில், தாழ்ந்த பெஞ்சுகளில் அவர்களை உட்கார வைத்திருப்பார்கள். பிறகு பெண்கள். ஒரு வரியின் நடுவிலேயே. ஆண்கள் மட்டும் இன்னும் ஒரு வரி பாடினார்கள், கொஞ்சம் குழம்பி, யாரையோ எதிர்பார்ப்பதுபோல இழுத்து. பிறகு நாலைந்து குரல். பிறகு ஒன்று.

பிறகு ஆர்கன் மட்டும்.

அது நிற்கவில்லை. ராகம் நின்றுவிட்டது, சத்தம் நிற்கவில்லை. ஒரு கொத்துக் கட்டைகளின் மேல் ஏதோ கனம் விழுந்து அப்படியே கிடப்பதுபோல, தண்ணீர் விசையில் ஓடும் துருத்தி காற்றை அனுப்பிக்கொண்டே இருக்க, ஒரே ஒரு நீண்ட, அவலமான முழக்கம்.

தேவாலயத்துக்குத் தெருவிலிருந்து படியிறங்க வேண்டும். மேல்படியில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். வாயைப் பொத்திக்கொண்டான். இறங்கினான். கதவைத் தள்ளினான்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலை குனிந்து, ஜெபம் செய்வதுபோல, பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து. முன்னால் நீண்ட மேசைகளில் தேநீர்ப் பாத்திரங்கள் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. புதிதாக ஈய வெள்ளை பூசிய சுவர், அந்த ஈயத் தாள்களைப் போலவே, உட்கார்ந்தவர்களின் தலை உயரம் வரை கரிக்கறுப்பாக இருந்தது. மேல் ஓரம் கோடு போட்டாற்போல நேராக. அவன் பார்க்கப் பார்க்க அந்தக் கோடு ஏறியது.

ஹானா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் ஏறி, சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி. கன்னம் சுவரில் அழுந்தியிருந்தது. கண் திறந்திருந்தது, அசையவில்லை. மேலே ஏறுமுன்பே வாயுவை இழுத்திருக்க வேண்டும். உயரத்தில், ஜன்னலின் ஆழமான மாடத்தில், அந்தக் கைகள் இறுகப் பிடித்த பிடியில், லெட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணைச் சிமிட்டினாள்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவை இன்னும் சூடாக இருந்தன. நெஞ்சு வெடித்தது. ஹானாவின் கையைத் தொட்டான், விட்டான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான். கதவு வெகு தூரத்தில் இருந்தது. வந்துவிட்டான். படி. இன்னொரு படி. வாய் தானாகத் திறந்துகொண்டது.

மறுபடி அந்த அடி, பின்மண்டையில்.

மேல்படிகளில் குப்புறக் கிடந்தான். லெட்டி அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். உயிரோடு. அவளைத் தூக்கவேண்டும். தெருவுக்கு, கரைக்கு, உயரத்துக்கு. கைக்குச் சொன்னான். கை கேட்கவில்லை. காலுக்குச் சொன்னான். நாக்குக்குச் சொன்னான். கண் மட்டும் அவன் சொன்னபடி அசைந்தது.

லெட்டி எழுந்து நின்றாள். பாவாடையைத் தட்டிவிட்டாள். அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா தூங்குங்க. நான் போய் அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்."

படியின் ஓரமாக ஒரு மரக் கைப்பிடி, கதவுவரை. அதற்கும் புது வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். கீழ்முனை கறுத்திருந்தது. கறுப்பு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல்.

லெட்டி கையுறை போட்ட கையைக் கைப்பிடியில் வைத்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொன்று. உள்ளே ஆர்கன் முழங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டாள். "பாட்டு முடிஞ்சிடுச்சு. எழுந்து வா."

கைப்பிடியின் மேல் அவள் கை வழுக்கிக்கொண்டு கீழே போனது. கறுப்பு மேலே வந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளை இருந்தது.